கூடு விட்டுக் கூடு பாய்ந்த வீட்டுக் கணனிகள்

மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த ஆனிரை கதறுவதைக் கண்டிரங்கிய யோகியார் ஒருவர், தம்முடலை ஓரிடத்தே மறைத்து வைத்துவிட்டு அவ்விடையனுடலினுட் புகுந்தார் என்பதும், பின்னர் வந்து தேடியபோது தம் பழைய உடலைக் காணாராயினர் என்பதும் நம்மவர் யாவரும் சிறுவயதிற் கேட்ட கதையே. அக்கதையை ஈண்டு எடுத்துக் கூறுவது சமயம் பேசுதற்கன்று. வீட்டுக் கணனி என்னும் பொருளின் வரலாற்றைக் கற்கப் புகுந்த நமக்கு அக்கதையே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஐம்பது ஆண்டு நிரம்பிய அவ்வரலாற்றிற் கணனிகள் எத்தனையோ கூடுகளை விட்டுப் பாய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பழைய உடல் என்னாயிற்று என்பதே நாம் கேட்க விழையும் வினாவாகும்.

நாம் பயின்ற மிஷன் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்து அலுமாரி ஒன்றிலே, உடைந்த வோல்ற்றுமானிகளுக்கும் தூசி படிந்த ஊசற்குண்டுகளுக்கும் நடுவே, கறுத்த சிறு பெட்டியொன்று கிடந்தது. அப்பியாசக் கொப்பியிலும் சிறியது. சாம்பல் நிற இறப்பர்ச் சாவிகள் நாற்பது; வலப்பக்க மூலையிலே வானவில் போன்று நான்கு நிறக் கோடுகள். திரை இல்லை. “இதுவும் கம்பியூட்டர்தான் தம்பிமார்” என்று ஆசிரியர் கூறியபோது நாம் நகைத்தோம். இன்று அந்நகைப்பை எண்ணிச் சிறிது வெட்கமடைகின்றோம். அது 1982 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இங்கிலாந்திலே சேர் கிளைவ் சின்கிளேயரின் கம்பனி வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் என்னும் கணனியாகும்.

அதற்கு முந்திய கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1975 ஜனவரியில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் அட்டையில் அல்ற்றேர் 8800 என்னும் பெட்டியின் படம் வந்தது. உறுப்புக்களை வாங்கித் தாமே பற்றாசு பிடித்துப் பொருத்துவோர்க்கு நானூறு டொலருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. அதற்கெனப் பேசிக் மொழியை எழுதி விற்ற இளைஞர்களே பின்னாளில் மைக்கிறோசொவ்ற் கம்பனியை நிறுவிய பில் கேற்ஸும் போல் அலனும் ஆவர். அவ்வாண்டிலேயே சக் பெடில் என்பாரின் குழு 6502 என்னும் நுண்செயலியை 25 டொலருக்கு விற்கத் தொடங்கிற்று. அக்காலத்து ஏனைய நுண்செயலிகள் நூற்றுக்கணக்கான டொலர் விலையுடையன. வீட்டுக்கு வந்த கணனியின் வரலாறு உண்மையில் இவ்விலையிலிருந்தே தொடங்குகிறது என்பது எமது கருத்து. 1977 இல் மூன்று கணனிகள் பொருத்தி முடித்த நிலையிற் கடைக்கு வந்தன: அப்பிள் 2, கொமடோர் பெற், டான்டியின் ரீ.ஆர்.எஸ்.80. முதலிரண்டும் 6502 ஐக் கொண்டவை. மூன்றாவது இசற் 80 ஐக் கொண்டது. ஒன்றுக்கெழுதியது மற்றொன்றில் ஓடாது.

இனி அக்கறுத்த பெட்டிக்கு வருவோம். 16 கிலோபைற்று நினைவகமுடையது 125 பவுண், 48 கிலோபைற்று உடையது 175 பவுண். இன்று நாம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதன் முழு நினைவகத்தினும் பன்மடங்கு பெரியது. திரைக்குப் பதிலாக வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி; சேமிப்பதற்கு வீட்டிலுள்ள கசற் றெக்கோடர். ஒவ்வொரு சாவியின் மேலும் கீழும் பக்கத்திலும் கட்டளைச் சொற்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஜே என்னும் சாவியை ஒருமுறை அழுத்தினால் ‘லோட்’ என்னும் சொல் முழுவதும் திரையில் வந்துவிடும். சொற்களை எழுத்தெழுத்தாகத் தட்டும் வேலையும் மிச்சம், நினைவகமும் மிச்சம்.

அக்கட்டளையைக் கொடுத்து நாடாவை ஓடவிட்டால், கணனி அவ்வொலியைக் கேட்கத் தொடங்கும். ஆம், கேட்கும். கட்டளைத்தொகுதி முழுவதும் நாடாவில் ஒலியாகவே பதிவாகியிருந்தது. முதலில் நீண்டதொரு சீழ்க்கை. அப்போது திரையின் விளிம்பிலே சிவப்பும் நீலப்பச்சையுமான பட்டைகள் ஓடும். பின்னர்க் கரகரப்பான இரைச்சல். அப்போது நீலமும் மஞ்சளுமான பட்டைகள். 48 கிலோபைற்றும் உட்செல்ல ஏறக்குறைய ஐந்து நிமிடம். நாலேமுக்கால் நிமிடத்தில் நாடா சற்றே சுருங்கினாலும் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து சுற்றவேண்டும். அக்காலத்துப் பிள்ளைகள் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அவ்விரைச்சலைக் கேட்டாற் கண்கலங்குவோர் அவர்களுள் உளர் என்று அறிகின்றோம். இரைச்சலுக்குக் கண்கலங்குவது எங்ஙனம் என்று வினவும் நம் இளைஞர்கள், திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியின் கரகரப்பை மறவாத தம் அப்பாமாரைக் கேட்டறிக.

ஒலியாக இருந்தமையால் விளைந்த வியப்பு ஒன்றுண்டு. ஒலியாயின் அதனை வானொலியில் ஒலிபரப்பலாமன்றோ! நெதர்லாந்து நாட்டின் வானொலி நிகழ்ச்சியொன்று இதனைச் செய்தது. ஆனால் அங்கே ஓர் இடர் தோன்றிற்று. கேட்போர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு வகைக் கணனி. எல்லாம் பேசிக் மொழியே பேசின. ஆயினும் நாம் வேதாகம வகுப்பிற் கற்ற பாபேல் கோபுரத்து மாந்தரைப் போல ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்கவில்லை. திரையைத் துடைத்து வெறுமையாக்குதல் என்னும் எளிய வேலையையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெக்ட்ரமில் அதற்கு சீ.எல்.எஸ். என்பது கட்டளை. அப்பிளில் ‘ஹோம்’ என்பது. கொமடோரிலோ 147 ஆம் எண்ணுக்குரிய குறியை அச்சிடுமாறு கூறவேண்டும்.

இதற்கு அந்த டச்சுக்காரர் கண்ட வழி பேசிக்கோட் என்பதாகும். ஆயிரத்துக்குக் கீழ்ப்பட்ட வரிகளை அவரவர் கணனிக்கென ஒதுக்கிவிட்டனர். திரையைத் துடைக்க வேண்டின் நூறாம் வரிக்குச் செல்க என்பது பொதுவிதி. நூறாம் வரியிலே அப்பிள் வைத்திருப்பவர் அப்பிளுக்குரியதையும், கொமடோர் வைத்திருப்பவர் கொமடோருக்குரியதையும் முன்கூட்டியே இட்டு வைத்திருப்பார். வானொலியில் வருவது ஆயிரமாம் வரியிலிருந்து தொடங்கும். அது யாவர்க்கும் ஒன்றே. இத்தகைய எளிமையான அறிவைக் கண்டு நாம் வியந்தோம். பின்னர் இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலியிலும், கிழக்கு ஜேர்மனி என்னும் நாடு மறையும் காலத்தில் அந்நாட்டு வானொலியிலுங்கூட இம்முறையிற் கட்டளைத்தொகுதிகள் ஒலிபரப்பாயின.

இவ்விடத்தில் யூகோஸ்லாவியாவைக் கூறாது விடல் தகாது. இறக்குமதித் தடையால் அந்நாட்டவர் அயல்நாட்டுக் கணனிகளை இலகுவில் வாங்க முடியாதிருந்தனர். வோயா அன்டோனிச் என்பார் 1983 இல் கலக்சியா என்னும் கணனியைத் தாமே வகுத்து, அதன் படங்களையும் விளக்கங்களையும் ஒரு சஞ்சிகைச் சிறப்பிதழில் யாவர்க்கும் இலவசமாக வெளியிட்டார். ஆயிரக்கணக்கானோர் உறுப்புக்களை வருவித்துத் தம் கையாற் செய்துகொண்டனர். பெல்கிரேட் வானொலியிலே ஸொறன் மொட்லி என்னும் அறிவிப்பாளர் கட்டளைத்தொகுதிகளை ஒலிபரப்ப, அவர்கள் நாடாவிற் பதிந்துகொண்டனர். தடையுள்ள நாட்டில் மக்கள் தாமே வழி காண்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. மோட்டார்ச் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை மூத்தோர் நமக்குச் சொல்லியிருக்கின்றனர்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு வகை. 1982 இல் கொமடோர் 64 என்னும் கணனி 595 டொலருக்கு வந்தது. அதன் விலையை அடுத்த ஆண்டே ஏறக்குறைய 200 டொலருக்கு இறக்கினார் கொமடோரின் தலைவர் ஜக் ட்ராமியல். போலந்திற் பிறந்து, அவுஷ்விற்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர் இவர். முன்பு கணிப்பொறி வணிகத்தில் ரெக்சஸ் இன்ஸ்றுமென்ற்ஸ் கம்பனி விலையை இறக்கி இவரை நெருக்கியதுண்டு. 1983 ஒக்டோபரில் அக்கம்பனி வீட்டுக் கணனி வணிகத்தை விட்டே விலகிற்று. ட்ராமியல் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் எனலாம். ஆனால் சில மாதங்களில், 1984 ஜனவரியில், அவரே தம் கம்பனியைவிட்டு விலகி, அவ்வாண்டு ஜூலையில் அட்டாரியின் வீட்டுக் கணனிப் பகுதியை வாங்கினார். அதே காலத்தில், முன்பு அட்டாரியின் கணனிகளை வகுத்த ஜே மைனர் என்னும் பொறியியலாளரின் புதிய படைப்பான அமிகாவைக் கொமடோர் வாங்கிற்று. கொமடோரின் தலைவர் அட்டாரியில். அட்டாரியின் பொறியியலாளர் கொமடோரில். கணனிகள் மட்டுமா கூடு மாறின!

1985 இல் வெளிவந்த அமிகா 4,096 நிறங்களைக் காட்டவல்லது. ஒரே வேளையிற் பல வேலை செய்யவல்லது. ஆனால் கொமடோர் 64 க்கென ஒருவன் வாங்கிச் சேர்த்த நாடாக்களும் தட்டுக்களும், இரவிரவாய்ச் சஞ்சிகையைப் பார்த்துத் தட்டிச் சேர்த்த கட்டளைகளும் அதிற் செல்லாக்காசு. ஒரே கம்பனியின் பெயரே இரண்டிலும் பொறித்திருந்தது. உள்ளேயிருந்த நுண்செயலி வேறு. மாற விரும்பியவன் புதிய கணனிக்கு விலை கொடுத்தான். பழைய நாட்களையும் சேர்த்துக் கொடுத்தான். 1994 ஏப்பிரலிற் கொமடோர் கடையை மூடிற்று.

வென்றது எது? 1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட கணனியின் வழிவந்தவை. அது அழகாலோ மலிவாலோ வென்றதன்று. தொடக்கவிலை 1,565 டொலர். கடையிற் கிடைக்கும் உறுப்புக்களால் அது செய்யப்பட்டிருந்தது, ஐ.பி.எம். தனக்கேயுரியதாக வைத்திருந்தது சிறியதொரு உள்நிலை மென்பொருளையே. 1982 இறுதியிற் கொம்பக் என்னும் கம்பனி, மூலத்தைப் பாராதாரைக் கொண்டே அதற்கீடானதை எழுதுவித்துப் போலியொன்றைச் சட்டப்படி செய்தது. பின்னர்ப் பலர் செய்தனர். கணனி பழுதாகி வேறு கம்பனியின் கணனியை வாங்கினாலும் பழைய தட்டு ஓடிற்று. வாங்குவோர் விரும்பியது இதனையே.

இவ்வெற்றியால் மறைந்த கூடுகளுள் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சீ. கிளாக் 1983 இல், கேப்ரோ என்னும் கணனியையும் மோடெத்தையும் கொண்டு, அமெரிக்காவிலிருந்த திரைப்பட இயக்குநர் பீற்றர் ஹயம்ஸோடு நாடோறும் எழுத்து மூலம் உரையாடி, ‘2010’ என்னும் படத்தின் கதையமைப்பை ஆராய்ந்தார். அவ்வுரையாடல் பின்னர் நூலாகவும் வந்தது. ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோ நிறையுள்ள உலோகப் பெட்டி அது. இதனை எடுத்துச் செல்லத்தக்கது என்று விற்றனர். அது சீ.பீ.எம். என்னும் இயக்கமுறையிலே இயங்கிற்று. அவ்வியக்கமுறையும் கேப்ரோ கம்பனியும் பத்தாண்டுக்குள் மறைந்தொழிந்தன. நூலாக அச்சேறியமையால் அவ்வுரையாடல் பிழைத்தது.

அச்சேறாத ஒன்றுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் 1086 இல் நாடெங்கும் உள்ள நிலம், உழவர், மாடு யாவற்றையும் கணக்கெடுத்து டூம்ஸ்டே என்னும் ஏட்டில் எழுதுவித்தான். அதன் 900 ஆவது ஆண்டை முன்னிட்டு 1986 இல் பி.பி.சி. புதிய டூம்ஸ்டே ஒன்றை ஆக்கிற்று. நாட்டை நான்கு கிலோமீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் என்னுங் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அன்றாட வாழ்க்கை எவ்வாறிருந்தது என்று எழுதுமாறு பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். தம் ஊர்க் கடை, தேநீர் வேளை, பேருந்துக் கட்டணம் யாவும் எழுதினர், படமும் எடுத்தனர். அவையாவும் பெரிய லேசர்த் தட்டுக்களிற் பதியப்பட்டன. அவற்றைப் படிக்கத் தனியான ஒரு கருவியும், ஏக்கோண் கம்பனி பி.பி.சி.க்கெனச் செய்த கணனியும் வேண்டும்.

பதினாறு ஆண்டு சென்றது. 2002 அளவில் அக்கருவிகளுள் இயங்குவன அரிதாயின. தட்டுக்கள் கெடவில்லை, படிப்பார் இல்லை. தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய தோலேட்டை இன்றும் இலத்தீன் அறிந்தவர் விரித்துப் படிக்கலாம். அப்பிள்ளைகள் முப்பது வயதை எட்டுமுன் அவர்கள் எழுதியது ஊமையாயிற்று! லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒன்றுகூடி, பழைய கணனியைப் புதிய கணனியினுள்ளே மென்பொருளாற் பாவனை செய்து அதனைப் பேசவைத்தனர். 2011 இல் அதன் ஊர்ப்பகுதி இணையத்தில் ஏற்றப்பட்டது. அவ்விணையத்தளத்தையும் 2018 இல் மூடிவிட்டனர். அதன் பிரதி அந்நாட்டுத் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சேற்றிய வேலையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அவர் போராடியது செல்லோடு. இவர்கள் போராடியது தொழிற்சாலைகளின் அவசரத்தோடு.

கூடு மாறுதலை நன்கு கற்றவர் அப்பிள் கம்பனியார். 1984 இல் வந்த மக்கின்டொஷ் மோட்டொறோலாவின் 68000 ஐக் கொண்டது. 1994 இல் பவர்பீசி என்னும் வேறு நுண்செயலிக்கு மாறினர். 2006 இல் இன்ரெலுக்கு மாறினர். 2020 இல் தாமே வகுத்ததற்கு மாறினர். மும்முறையும் பழைய நுண்செயலிக்கெழுதியதைப் புதியதற்கு விளங்குமாறு மாற்றிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உள்ளே வைத்தனர். பின்னிரண்டு முறையும் அம்மொழிபெயர்ப்பாளருக்கு றொசேற்றா என்று பெயர். எகிப்தியரின் எழுத்தைப் படிக்க உதவிய கல்லின் பெயர் அது. பெயர் அழகியதே. ஆனால் அக்கல்லைப் போல் அது நிலைக்கவில்லை. முதலாவது றொசேற்றாவை 2011 இல் நீக்கிவிட்டனர். அதனை நம்பியிருந்தவர் அன்று தம் பழைய வேலையைத் திறக்கமுடியாதவராயினர். மொழிபெயர்ப்பாளர் இறங்கிவிடும் நாளையுங் கேட்டறிந்தே படகேறவேண்டும் போலும்.

2020 இல் அப்பிள் புகுந்த கூடு யாருடையது? டூம்ஸ்டே தட்டுக்களைப் படித்த கணனியைச் செய்த அதே ஏக்கோண் கம்பனியின் வழிவந்தது. 1983 இல் அக்கம்பனியின் சோபி வில்சனும் ஸ்ரீவ் பேர்பரும், 6502 க்கு அடுத்ததை அமெரிக்காவில் ஒரு சிறு குழுவினர் ஒரு வீட்டிலிருந்து வகுப்பதைக் கண்டு, அவர்களால் இயலுமாயின் நம்மாலும் இயலும் என்று துணிந்தனர். அவர்கள் வகுத்த ஆம் என்னும் நுண்செயலி 1985 ஏப்பிரல் 26 இல் முதன்முதல் இயங்கிற்று. அதிலே சுமார் 25,000 திரான்சிஸ்ரர்கள். அது எவ்வளவு மின்னை நுகர்கிறது என்று அளந்தபோது மானி பூச்சியம் காட்டிற்றாம். பின்னரே மின்கம்பி இணைக்கப்படவில்லை என்று கண்டனர். அயலுறுப்புக்களிலிருந்து கசிந்த மின்னே அதற்குப் போதுமாயிருந்தது! 1990 இல் ஏக்கோணும் அப்பிளும் வேறொரு கம்பனியும் கூடி அதற்கெனத் தனிக் கம்பனி கண்டன. அதன் சந்ததியே இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிகளுள் இருப்பது. தோற்றுப்போன வீட்டுக் கணனிகள் என்று நாம் இரங்கிய கூட்டத்தின் ஒரு கிளை இங்ஙனம் தழைத்திருக்கிறது.

பழமையைப் பாராட்டுவோர் சொல்வன யாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ளோம். ஸ்பெக்ட்ரமின் சாவிகளில் ஒரு கட்டுரை தட்டுதல் தண்டனையாகும். கொமடோரின் நாடா அதனினும் மெதுவானது. ஆயினும் ஒன்று மட்டும் உண்மை. அக்கணனிகளைப் போட்டவுடன் திரையில் நின்றது படங்களன்று. எழுதுக என்று காத்திருக்கும் ஒரு சிறு குறி. பத்து வயதுப் பிள்ளையும் எதையாவது எழுதியே தொடங்கவேண்டியிருந்தது. நாம் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின்னரே கண்ட அக்குறியை, அப்பிள்ளைகள் வரவேற்பறைத் தொலைக்காட்சியிற் கண்டனர். இதில் நமக்குப் பொறாமையுண்டு.

இவற்றையெல்லாம் நாம் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் நமது மன்றத்தின் 1998 ஆம் ஆண்டு மலரே. மன்றத்தில் எஞ்சியிருந்த ஒரே பிரதியைக் கறையான் உண்டது. மூத்தவர் ஒருவர் தம் அலுமாரியிலிருந்து பிளொப்பித் தட்டொன்றைத் தந்தார். அதைச் செருகும் வாய் இன்று எக்கணனியிலும் இல்லை. நண்பரொருவர் தேடிக் கொணர்ந்த கருவியால் தட்டுத் திறந்தது. ஆனால் மலரை அமைத்த பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் 2001 க்குப்பின் புதிதாக வெளிவந்ததில்லை. எழுத்துக்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தோம். தமிழே இல்லை! அக்காலத்தில் நம்மவர் பாமினி என்னும் எழுத்துருவாலே தட்டச்சிட்டனர். அது ஆங்கில எழுத்துக்களின்மேல் தமிழ் வடிவைப் போர்த்தியது. போர்வை நீங்கின் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பீ, ஓ, அவற்றின்பின் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். நம் மெய்யெழுத்தின் புள்ளி யாவும் அரைப்புள்ளியாய்க் கிடந்தன.

யூனிகோட்டுக்கு மாற்றும் மென்பொருளுக்கூடாக அதனைச் செலுத்தினோம். நாற்பத்திரண்டு பக்கமும் எழுந்து வந்தன. இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் பட்டங்களும் மட்டும் பொருளற்ற தமிழாய் உருமாறி வந்தமையால், இரண்டு இரவு இருந்து ஒவ்வொன்றாய்த் திருத்தினோம். அம்மலரில் வந்த அமரர் ஒருவரின் கட்டுரையை இம்மலரிற் பிறிதோரிடத்தில் வாசகர் காணலாம். படங்கள் தட்டிற் சேமிக்கப்படவில்லை. நான்காம் பக்கத்துப் படத்தின் கீழிருந்த ‘இடமிருந்து வலமாக’ என்னும் வரியும் ஏழு பெயர்களும் கிடைத்துள. ஏழு முகங்கள் கிடைத்தில. அப்படத்தின் பிரதி எவரிடமேனும் இருப்பின் மன்றச் செயலாளரிடம் சிறிது காலத்துக்குத் தந்துதவுமாறு மூத்தோரை வேண்டுகின்றோம்.